எண்ணிக் கற்ற கல்வி
கல்லூரிப் புள்ளியியலும் கல்கத்தா நகரும்

பொருளியல் பயிலும் மாணவர்க்கும் வணிகவியல் பயிலும் மாணவர்க்கும், உயிரியலும் மருத்துவமும் உளவியலும் பயில்வார்க்கும் இன்று பொதுவாக அமைந்த பாடம் ஒன்று உண்டு. அதுவே புள்ளியியல். கணக்கைவிட்டு விலகிவிட்டோம் என்று மகிழ்ந்து கலைப்பிரிவிற் சேர்ந்த பிள்ளைகளையும் அது விடுவதில்லை. சராசரி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம், ஒட்டுறவு, மாதிரி எடுத்தல், கருதுகோட் சோதனை என வரிசையாக அது வந்து நிற்கும். மாணவருட் பலர் வாய்பாடுகளை மனப்பாடம் செய்து, தேர்விலே அவற்றை இறக்கி வைத்துவிட்டு, அன்றே மறந்தும் விடுகின்றனர். இப்பாடத்தை ஏன் கற்றோம் என்று அவர்களைக் கேட்டால், பாடத்திட்டத்தில் இருந்தது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும்.

இந்தியாவில் இப்பாடம் கல்லூரிக்குள் நுழைந்த வாயில் எது என்று ஆராய்வோமானால், அது நாம் குடியேறி வாழும் இந்நகரமே என்பது புலப்படும். நாடோறும் நாம் கடந்து செல்லும் கல்லூரித் தெருவிலும், பாரக்பூர்ப் பெருவழியிலும் பிறந்து வளர்ந்த கல்வி இது. அதன் வரலாற்றை அறிந்தால், வாய்பாடுகளின் பின்னால் நின்ற வெள்ளமும் பஞ்சமும் விளைச்சலும் மக்கள் உயிரும் கண்முன் தோன்றும். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கேம்பிரிட்ஜில் இரு இளைஞர்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சியில் பௌதிகம் பயின்று, 1913இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, கும்பகோணத்தில் வளர்ந்து சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சியில் எழுத்தராயிருந்த இளைஞர் ஒருவர் அதே நகருக்கு வந்து டிரினிடி கல்லூரியில் தங்கினார். அவரே சீனிவாச இராமானுஜன். கடல் கடந்து சென்ற வங்காளியும் தமிழரும் அங்கே நண்பராயினர்.

குளிர் பொறுக்கமாட்டாமல் மேலங்கியும் சால்வையும் போர்த்து உறங்கிய இராமானுஜனுக்கு, படுக்கையில் அடுக்கி விரித்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து உறங்க வேண்டும் என்பதைக் காட்டிக் கொடுத்தவர் மகலனோபிசே. அவ்விருவரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு தெருவிலே வீடுகள் ஒன்று முதலாக வரிசையெண் இடப்பட்டுள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் ஐம்பதுக்கு மேலும் ஐந்நூறுக்குள்ளும் இருக்கின்றன. அவ்வீட்டின் எண் யாது? இவ்வாறு ஓர் ஆங்கிலத் திங்களிதழில் 1914இன் இறுதியில் வந்த புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். இராமானுஜன் அடுப்பிற் காய்கறி கிளறிக்கொண்டிருந்தவாறே, இவ்வகைப் புதிர் அனைத்திற்கும் ஒருங்கே விடை தரும் தொடர்பின்னம் ஒன்றைக் கூறினார். வீட்டின் எண் 204. தெருவில் உள்ள வீடுகள் 288. இருபுறமும் கூட்டினால் 20,706 வரும். ஐயமுடையார் கூட்டிப் பார்க்கலாம்.

இச்செய்தியை வேடிக்கைக்காக மட்டும் நாம் எடுத்துரைக்கவில்லை. இராமானுஜன் எண்களின் உட்பண்பை நோக்கினார். மகலனோபிசோ எண்கள் உலகைப்பற்றி என்ன சொல்கின்றன என்பதை நோக்கப் போகின்றவர். ஒரே அறையில் அமர்ந்திருந்த இவ்விரு நோக்கங்களுக்கும் உள்ள வேற்றுமையே கணிதத்திற்கும் பயன்முறைப் புள்ளியியலுக்கும் உள்ள வேற்றுமையாகும்.

கப்பலில் தொடங்கிய பாடம்

1915இல் தேர்வு முடிந்து தாயகம் திரும்பவிருந்த மகலனோபிசுக்கு, கல்லூரி நூலகத்தில் இருந்த ‘பயோமெட்ரிகா’ என்னும் இதழ்த் தொகுதிகளை அவருடைய ஆசிரியர் மெக்காலே காட்டினார். உயிர்களின் அளவுகளை எண்களால் ஆராயும் இதழ் அது. அவர் அத்தொகுதிகளை விலைக்கு வாங்கிக்கொண்டு கப்பலேறி, வழி முழுதும் படித்து வந்தார். இந்தியாவில் அந்நாளில் இத்துறையைக் கற்பிக்கும் பட்டவகுப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஆகவே இந்நாட்டின் முதற் புள்ளியியல் மாணவர்களுள் ஒருவர்க்கு வகுப்பறையாக அமைந்தது கப்பல் தளமே எனலாம்.

பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிக ஆசிரியராய் அமர்ந்த அவர், மாலை வேளைகளில் எண்களோடு உறவாடினார். 1917இல் பேரறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து தருமாறு அவரை வேண்டினார். பின்னர் விலங்கியல் அளவைத் துறையின் தலைவர் அன்னன்டேல், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை அவரிடம் கொடுத்தார். அவ்வாராய்ச்சி 1922இல் வெளிவந்தது. முதலில் மாணவர் மதிப்பெண், அடுத்து மனிதரின் உயரம் என, கண்முன் கிடந்த பொருள்களிலிருந்தே பாடம் தொடங்கியது. வாய்பாடு முன்னும் பயன் பின்னும் வரவில்லை என்பதைக் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

வெள்ளம் கற்பித்தது

1922இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளநீரைத் தேக்கி நிறுத்தும் பெரும் நீர்ப்பிடிப்புகளைப் பெருஞ்செலவிற் கட்ட வேண்டும் என்று வல்லுநர் கூறினர். பல்லாண்டு மழையளவையும் வெள்ளத்தையும் ஒப்புநோக்கிய மகலனோபிஸ், அவை பயன்தரமாட்டா என்றும், நீர் விரைந்து வடிய வழி செய்தலே வேண்டுவது என்றும் காட்டினார்.

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் பெருகியது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளையும் உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர் முடிவு. ஏறத்தாழ அறுபதாண்டுக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். படுகை உயரவில்லை, ஆற்றின் மேற்பகுதியிற் பெய்த பெருமழையே காரணம் என்று தெளிந்தது. காரணம் மாறினாற் பரிகாரமும் மாறவேண்டும் அன்றோ? கரையை உயர்த்துவதைவிட மேற்பகுதியில் நீரைத் தேக்கும் அணைகளே தக்கவை என்ற முடிவு பிறந்தது.

ஒரு வெள்ளத்தை மட்டும் கண்டவன் அதன் அச்சத்தினால் முடிவு செய்கிறான். அறுபதாண்டு வெள்ளத்தை அடுக்கிக் கண்டவன் இயல்பான ஏற்ற இறக்கம் எது, உண்மையான மாற்றம் எது எனப் பிரித்துணர்கிறான். முதலாண்டு மாணவர் திட்டவிலக்கம் என்று கற்பது இப்பிரித்துணர்வுக்கான அளவுகோலையே. அதைக் கூட்டிப் பெருக்கி மூலம் காணும் வெறுங்கணக்காகக் கற்பித்தோமாயின், ஆற்றை விட்டுவிட்டுக் கரையை மட்டும் உயர்த்தியவராவோம்.

பேக்கர் கூடத்திலிருந்து பாரநகர் வரை

பிரசிடென்சிக் கல்லூரியின் பேக்கர் ஆய்வுக்கூடத்தில் மகலனோபிசின் அறையைச் சுற்றி ஒரு சிறு குழு அமைந்தது. அதுவே புள்ளியியல் ஆய்வுக்கூடம் எனப் பெயர்பெற்றது. 1931ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. 1933இல் ‘சாங்கியா’ என்னும் ஆய்விதழ் வெளிவரலாயிற்று. எண் என்றும் தெளிந்த அறிவு என்றும் பொருள்படும் வடசொல்லை இதழுக்குப் பெயராக இட்டமை அவர்தம் கொள்கையையே காட்டுகிறது. ராஜ் சந்திர போஸ், சமரேந்திரநாத் ராய் போன்ற கணித அறிஞர் வந்து சேர்ந்தனர். புள்ளியியல் உலகின் தலைமகனாகிய ரொனால்டு பிஷர் 1938 ஜனவரியில் கல்கத்தாவிற் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

இதனிடையே 1936இல் மகலனோபிஸ் தம் பெயரால் இன்று உலகெங்கும் வழங்கும் தூர அளவை வெளியிட்டார். இரு மக்கட் குழுவினரிடையே உள்ள வேறுபாட்டை உயரம், கைந்நீளம், தலையகலம் முதலிய பல அளவுகளால் ஒருங்கே மதிப்பிடுவது எப்படி? உயர்ந்தவனுக்குப் பெரும்பாலும் கையும் நீண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியே சேர்த்தால் ஒரே செய்தியை இருமுறை எண்ணியதாகும். அளவுகளுக்கிடையே உள்ள உறவைக் கழித்து, எஞ்சிய வேறுபாட்டை மட்டும் எண்ணுவதே அவர் கண்ட வழி. ஒட்டுறவு என்னும் தொடக்கப் பாடத்தை நன்கு உணர்ந்த மாணவர்க்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும்.

1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் இஃதே முதலாவது. 1944இல் பிரசிடென்சிக் கல்லூரியில் இளங்கலைச் சிறப்பு வகுப்பும் தொடங்கியது. 1959இல் நாடாளுமன்றச் சட்டம் புள்ளியியல் நிறுவனத்தைத் தேசிய முதன்மை வாய்ந்ததாக அறிவித்துப் பட்டம் வழங்கும் உரிமை அளித்தது. 1960இல் அங்கே புள்ளியியல் இளவர் பட்டப் படிப்பு தொடங்கிற்று. பேக்கர் கூடத்தின் ஓர் அறையில் இருந்த முயற்சி, முப்பதாண்டிற்குள் பாரநகரில் ஒரு பெருங்கல்விச்சாலையாய் வளர்ந்தது.

விடுதியிற் கிடைத்த வழி

இந்நாளில் கல்கத்தா வந்தவருள் ஒருவர் கலியம்புடி ராதாகிருஷ்ண ராவ். அவர் அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்து ஹடகலியில் 1920இற் பிறந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்றவர். போர்க்காலத்தில் படைத்துறை வேலை ஒன்றை நாடி நேர்முகத்திற்காகக் கல்கத்தா வந்தார். அவ்வேலை கிடைக்கவில்லை. ஆயினும் தங்கிய விடுதியிலே, புள்ளியியல் நிறுவனத்திற் பயிற்சி பெற்றுவந்த ஒருவரைச் சந்தித்தார். அவர் வாயிலாக அந்நிறுவனத்தை அறிந்து, 1941 ஜனவரியில் பயிற்சியிற் சேர்ந்தார். வேற்றூரில் விடுதித் திண்ணையிற் கிடைக்கும் ஒரு சொல் ஒருவன் வாழ்வையே திருப்பக்கூடும் என்பதை இடம்பெயர்ந்து வாழும் நாம் நன்கறிவோம்.

1943இல் முதுகலைப் பட்டம் பெற்ற ராவ், அடுத்த ஆண்டே அங்கு வகுப்பெடுக்கலானார். மதிப்பீட்டின் துல்லியத்திற்கு ஓர் எல்லை உண்டு என்ற பிஷரின் முடிவு, மிகப் பெரிய மாதிரிகளுக்கே பொருந்துவதாக இருந்தது. சிறிய மாதிரிக்கும் அவ்வாறு ஓர் எல்லையை நிறுவ இயலுமா என்று வகுப்பில் ஒரு மாணவர் வினவினார். ராவ் அன்றிரவு முழுதும் ஆராய்ந்து, மறுநாள் விடையோடு வந்தார். 1945இல் கல்கத்தாக் கணிதச் சங்க இதழில் வெளிவந்த அவ்விடையே இன்று கிராமர்–ராவ் சமனின்மை என உலகம் கற்கும் தேற்றம். வினவிய மாணவர் வி. எம். தண்டேகர், பிற்காலத்தில் இந்திய வறுமையைப்பற்றி 1971இல் நீலகண்ட ரத்துடன் புகழ்பெற்ற நூல் எழுதிய பொருளியலறிஞர் அவரே.

ஆசிரியர்க்கு அப்போது வயது இருபத்து நான்கு. தெரியாத வினாவைத் தட்டிக் கழிக்காத ஆசிரியரும், விளங்காததை விளங்கியதாக நடிக்காத மாணவரும் ஒரே வகுப்பறையில் வாய்த்ததன் பயன் இது. ராவ் 2023ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

ஒரு பிடி சோறு

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்டிர் அறிந்த புள்ளியியல். ஆனால் சோறு பதமாக வேண்டுமாயின் பானை நன்கு கிளறப்பட்டிருத்தல் வேண்டும். மேலே மிதக்கும் பருக்கையை மட்டும் எடுத்தால் பதம் தவறும். மாதிரி எடுத்தலின் நுட்பம் முழுதும் இதில் அடங்கும்.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உத்திரமேரூர்ச் சபையார் இதன் ஒரு கூற்றை நன்கு உணர்ந்திருந்தனர். முப்பது குடும்புகளிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையை வாங்குவோன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது. அவர்கள் செய்தது ஆட்சிக்குத் தேர்வு. அது மாதிரி ஆய்வு அன்று. ஆகவே நம் முன்னோர் புள்ளியியலை முன்பே கண்டனர் என்று பெருமை பேச இஃது இடந்தராது. எனினும், எடுப்பவன் விருப்பம் எடுக்கப்படும் பொருளிற் கலத்தல் ஆகாது என்னும் நெறி இரண்டிற்கும் பொது.

வங்கத்தின் சணல் வயல்களில் 1937 முதல் மகலனோபிஸ் இந்நெறியைப் பெருமுறையிற் கையாண்டார். சணல் எத்துணை நிலத்திற் பயிராயிற்று என்பதை வயல்தோறும் சென்று எண்ணுவதற்குப் பெரும்பொருளும் பேராட்படையும் வேண்டும். அவரோ நிலப்படத்தில் குருட்டு வாய்ப்பால் இடங்களைத் தெரிந்து, அவ்விடங்களை மட்டும் அளப்பித்தார். ஒரே பகுதிக்கு இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பினார். இரு குழுவின் விடையும் ஒத்தால் நம்பிக்கை பிறக்கும். ஒவ்வாவிடில் பிழை எங்கோ உளது என்பது தெரியும். எண்ணுவோரையும் எண்ணிப் பார்க்கும் வழி இது.

இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. விளைச்சலை மதிப்பிட வயலில் ஒரு சிறு வட்டம் வரைந்து அதற்குள் உள்ள கதிரை அறுத்து நிறுப்பர். வட்டம் மிகச் சிறிதாயின், விளிம்பில் நிற்கும் பயிரை அறுப்போர் உள்ளே சேர்த்துவிடுவர். விளைச்சல் மிகையாகத் தோன்றும். இதனைத் தில்லி வேளாண்மைப் புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே 1946இல் எடுத்துக்காட்டினார். மகலனோபிசுக்கும் அவருக்கும் இதுபற்றிக் கருத்து வேற்றுமை நிலவியது. மாதிரியைப் பெருக்கினால் வாய்ப்பினால் வரும் பிழை குறையும். அளக்கும் முறையினாலே வரும் சாய்வு குறையாது. ஆயிரம் வட்டம் அறுத்தாலும் ஆயிரத்திலும் விளிம்புப் பயிர் சேர்ந்தே வரும். கல்லூரிப் பாடத்தில் மாணவர் பெரும்பாலும் மறக்கும் உண்மை இதுவே.

எண்ணப்படாதவர்

1943இல் வங்கத்தைப் பஞ்சம் வாட்டியது. இந்நகர்த் தெருக்களிலே மக்கள் கஞ்சி கேட்டு வீழ்ந்து மாண்டனர். இறந்தவர் எத்தனை பேர்? அரசு அமைத்த விசாரணைக் குழு 1945இல் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது. பின்னர் ஆராய்ந்த அமர்த்தியா சென் முதலியோர் 30 இலட்சத்தை ஒட்டிய தொகையைக் கூறினர். இரண்டிற்கும் இடையே உள்ள எண் ஒரு பெருநகரத்து மக்கட்டொகையாகும். அத்தனை பேர் வாழ்ந்ததும் மாண்டதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஊர்ப்புறத்தில் பிறப்பு இறப்பைத் தெரிவிக்கும் கடமை ஊர்க்காவலரிடம் இருந்தது. பஞ்சத்தில் அவரே மாண்டால் ஊரின் சாவை யார் எழுதுவது?

புள்ளியியல் நிறுவனத்தார் 1944–45இல் வங்கச் சிற்றூர்களிற் புகுந்து பஞ்சத்தின் பின்விளைவுகளை மாதிரி முறையால் ஆராய்ந்தனர். நிலம் விற்றவர், மாடு விற்றவர், தொழில் இழந்தவர் என்னும் விவரம் திரட்டப்பட்டு 1946இல் ‘சாங்கியா’வில் வெளிவந்தது.

எண்ணப்படாதவரை எண்ணும் வழி ஒன்றும் இவ்வங்க மண்ணிலேயே தோன்றியது. கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார நிறுவனத்திற் பணிபுரிந்த சிதம்பர சந்திரசேகரன், ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூரில் திரட்டிய விவரங்களைக்கொண்டு, அமெரிக்க அறிஞர் டெமிங்குடன் சேர்ந்து 1949இல் ஒரு முறையை வெளியிட்டார். அதன் கருத்தை முதலாண்டு மாணவர்க்கும் விளக்கலாம்.

ஓர் ஊரின் இறப்புகளை ஊர்ப்பதிவேடு ஒருபுறம் கூறுகிறது. வீடுதோறும் சென்று கேட்ட ஆய்வாளர் பட்டியல் மறுபுறம் உள்ளது. இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிடுவோம். இரண்டிலும் உள்ளவர் 60 பேர், பதிவேட்டில் மட்டும் உள்ளவர் 20 பேர், ஆய்வாளர் பட்டியலில் மட்டும் உள்ளவர் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விடுபட்டவர் எத்தனை பேர்? பதிவேட்டில் ஏறிய 80 பேரில் 60 பேரை ஆய்வாளர் கண்டிருக்கிறார். அதாவது நான்கில் மூன்று பங்கு. பதிவேட்டில் ஏறாதவரிலும் அதே பங்கையே அவர் கண்டிருப்பார் என்று கொண்டால், அவர் கண்ட 15 பேர் நான்கில் மூன்று பங்காவர். எஞ்சிய ஒரு பங்கு 5 பேர். 20ஐயும் 15ஐயும் பெருக்கி 60ஆல் வகுத்தாலும் 5 வரும். ஆகவே மொத்த இறப்பு 100. எந்த ஏட்டிலும் இல்லாத ஐவரை இரண்டு குறையுள்ள ஏடுகள் சேர்ந்து காட்டிக் கொடுத்துவிட்டன.

ஆயினும் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பட்டியலில் விடுபடுதல் மற்றதில் விடுபடுதலைச் சார்ந்திருத்தல் ஆகாது. ஊர்க்கோடியிற் குடிசை போட்டிருக்கும் ஏழையை ஊர்க்காவலரும் மறந்து ஆய்வாளரும் மறந்தால், விடுபட்டவர் ஐவரினும் மிகுதியாவர். வாய்பாட்டை மனப்பாடம் செய்த மாணவர் ஐந்து என்று எழுதி மதிப்பெண் பெறுவார். வரலாற்றை உணர்ந்த மாணவர் அக்குடிசைக்கு யாரேனும் சென்றனரா என்று வினவுவார். இரண்டாமவரை ஆக்குவதே இக்கல்வியின் நோக்கமாகும்.

உப்பு சொன்ன உண்மை

1947இன் கலவர நாட்களில் தில்லிச் செங்கோட்டையில் பெருந்திரளான மக்கள் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு உணவளிக்கும் ஒப்பந்தக்காரர் காட்டிய செலவு பெருகிக்கொண்டே சென்றது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணச் செல்லும் சூழ்நிலை இல்லை. புள்ளியியலார் ஒப்பந்தக்காரரின் பட்டியலையே எடுத்தனர். ஒருவர்க்கு நாளொன்றுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு என்பது முந்தைய ஆய்வுகளால் தெரியும். அரிசிக் கணக்குப்படி வந்த தொகை மிகப் பெரிது. உப்புக் கணக்குப்படி வந்தது மிகச் சிறிது. அரிசி விலை மிக்கது. அதை மிகுத்து எழுதினால் ஊதியம் உண்டு. அற்ப விலையுள்ள உப்பை மிகுத்தெழுதி யார்க்கு என்ன பயன்? ஆகவே உப்புச் சொன்ன தொகையையே உண்மைக்கு அணித்தென்று கொண்டனர். உமாயூன் கல்லறையில் தங்கியிருந்த சிறு குழுவில் இம்முறையைச் சோதித்தபோது அது பொருந்திற்று.

இக்கதையை ராவ் தம் ‘புள்ளியியலும் உண்மையும்’ என்னும் பொருள்பற்றிய நூலில் எடுத்துரைத்துள்ளார். அந்நூல் இராமானுஜன் நினைவுச் சொற்பொழிவுகளிலிருந்து பிறந்தது. கேம்பிரிட்ஜ் அறையில் தொடங்கிய உறவு ஒரு சுற்று வந்து அங்கேயே சேர்ந்தமை காண்க.

இனிச் செய்ய வேண்டுவது

அன்றைய மாணவர் மடக்கை அட்டவணையையும் கைப்பிடி சுழற்றும் கணக்குப் பொறியையும் நம்பினர். ஒரு ஒட்டுறவுக் கெழு காண ஒரு மாலைப்பொழுது கழியும். 1956இல் புள்ளியியல் நிறுவனத்தில் மின்னணுக் கணிப்பொறி வந்தது. இன்றோ கையடக்கக் கருவியே நொடியிற் கணக்கிட்டுத் தருகிறது. ஆகவே கணக்கிடும் உழைப்பு மாணவர் தோளிலிருந்து இறங்கிவிட்டது. இறங்காதது ஒன்றே. எண் எங்கிருந்து வந்தது, எண்ணியவர் யார், விடுபட்டவர் யார், மிகுத்துச் சொல்ல யார்க்கு ஊதியம் உண்டு என்று வினவும் கடமை எந்தப் பொறிக்கும் மாற்றித் தரத்தக்கது அன்று.

ஆதலின் இருவேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, நம் பிள்ளைகள் இப்பாடத்தைத் தொடங்குகையில் வாய்பாட்டோடு தொடங்காமல், தாமே திரட்டிய ஒரு சிறு விவரத்தோடு தொடங்குவாராக. வீட்டின் ஓராண்டு மின்கட்டணமாயினும், தம் தெருவின் கடைகளில் அரிசி விற்கும் விலையாயினும் அமையும். தாம் எண்ணியதன் குறை தமக்குத் தெரியும். அக்குறையே முதற்பாடம் ஆகும். இரண்டாவது, தமிழிற் பள்ளிக்கல்வி பெற்று வந்தோர் வகுப்பில் ஆங்கிலச் சொற்களைக் கண்டு மருளாதிருக்க, சங்கத்து மூத்தோர் துணைநிற்பாராக. நிகழ்தகவு, ஒட்டுறவு, திட்டவிலக்கம், கருதுகோள் என நம் மொழியில் நல்ல சொற்கள் வழங்குகின்றன. பொருளைத் தாய்மொழியில் உணர்ந்துகொண்டால் வேற்றுமொழிப் பெயர் பின்னால் தானே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க நூலகத்தில் ஒரு மேசையும் இரு நாற்காலியும் இருந்தால் இப்பணி நடக்கும்.

மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29ஆம் நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது. அவர் 1972இல், தம் பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பு மறைந்தார். பாரநகரில் அவர் வாழ்ந்த ‘ஆம்ரபாலி’ இல்லம் நம் வீடுகளிலிருந்து பேருந்துத் தொலைவில்தான் உள்ளது. வங்கம் நமக்குச் சோறு தந்தது, தொழில் தந்தது. உண்மையை எண்ணிக் காணும் இக்கல்வியையும் அது தந்துள்ளது. வந்த நாட்டின் இச்செல்வத்தை நம் பிள்ளைகள் தேர்வுக்காக மட்டும் பெறாமல், எண்ணப்படாத எளியவரையும் எண்ணிக் காக்கும் அறிவாகப் பெறுவாராக.